துருப்பிடித்த ஒரு போல்ட்... நின்றுபோகும் லாரி! இன்ஜின் வேலையில் போல்ட் உடைவது ஏன்? உடைந்தால் என்ன செய்வது?

எக்ஸாஸ்ட் பக்கம் லேசாகப் புகை கசிகிறது, கேஸ்கட் மாற்றினால் போதும், அரை நாள் வேலை. இப்படிச் சொல்லி பட்டறையில் விடப்படும் லாரி, மூன்று நாள் கழித்தும் வெளியே வராமல் நிற்பது வடசென்னையில் புதிதல்ல. கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கழட்டும்போது போல்ட் உடைஞ்சு போச்சு."

சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத ஒரு போல்ட். அதன் விலை சில ரூபாய்தான். ஆனால் அது இன்ஜினுக்குள் உடைந்து நின்றுவிட்டால், லாரி ஓனருக்கு ட்ரிப் போகும், டிரைவருக்குப் படி போகும், வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அவசரத்தில் தப்பாக டிரில் போட்டால் சிலிண்டர் ஹெட்டே பாழாகும். இடம் பார்க்காமல் நெருப்பைக் காட்டினால் உயிருக்கே ஆபத்து.

போல்ட் ஏன் இறுகிப் பிடித்துக்கொள்கிறது? வடசென்னையில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? உடையாமல் எடுக்க என்ன வழி? உடைந்த பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

வடசென்னையும் லாரியும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என மூன்று துறைமுகங்களை நம்பி கன்டெய்னர் டிரெய்லர்களும் டேங்கர்களும் இரவு பகலாக ஓடும் பகுதி இது. நாட்டின் முன்னணி லாரி நிறுவனமான அசோக் லேலண்ட் பிறந்ததும் எண்ணூரில்தான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

லாரிகள் இருக்கும் இடத்தில் பட்டறைகளும் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை ஓரங்களில் மெக்கானிக் பட்டறை, வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, டயர் கடை என வரிசையாகப் பார்க்கலாம். இந்தப் பட்டறைகளுக்கு அன்றாட எதிரி துரு.

இங்கு மட்டும் துரு ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். கடல் அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் மிதந்து வந்து வண்டியின் அடிப்பாகத்தில் படிகின்றன. கரையை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இதன் தாக்கம் மிக அதிகம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை, பல இடங்களில் கடலை ஒட்டியே போகிறது.

"மழையே இல்லையே, வண்டி காய்ஞ்சுதானே இருக்கு" என்று நினைக்கலாம். அங்குதான் சிக்கல். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அதற்கும் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, உப்பு படிந்த போல்ட் மழை இல்லாத நாளிலும் ஈரமாகத்தான் இருக்கிறது.

இதோடு தொழிற்சாலைப் புகையும் சேர்கிறது. நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு, ஈரத்தில் கரைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அத்திப்பட்டு, வல்லூர் பகுதிகளில் அனல் மின் நிலையங்கள் இயங்குவது இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளம் இன்னொரு காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியின் போல்ட் மரைகளுக்குள் புகும் சேறும் உப்பும், தண்ணீர் வடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிடும். மாதங்கள் கழித்து அந்த போல்ட்டைக் கழற்றப் போகும்போதுதான் விஷயம் தெரியும்.

உலோக அரிப்பு என்பது பட்டறைப் பிரச்சினை மட்டுமல்ல, பெரிய ஆராய்ச்சித் துறை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை வரைபடமாகவே தயாரித்திருக்கிறது.

போல்ட் பிடித்துக்கொள்வது எப்படி?

போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் 2 முதல் 6 மடங்கு வரை பெருகும். அந்த இடைவெளிக்குள் துரு ஊதிப் பெருகினால், ஆப்பு அடித்த மாதிரி இரண்டும் இறுகிவிடும்.

இரண்டாவது காரணம் சூடு. லாரி லோடு இழுக்கும்போது எக்ஸாஸ்ட் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தொடலாம். வண்டி நின்றால் ஆறிவிடும். தினமும் சூடாகி, தினமும் ஆறி, போல்ட்டின் மேல் படலம் கருகி மரையோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் உலோக ஜோடி. தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போன்ற அலுமினிய பாகங்களில் ஸ்டீல் போல்ட் இறங்கியிருக்கும். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அரித்துப்போவது அலுமினியம். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம்.

அதிகம் தொல்லை தருபவை எவை?

* எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட், போல்ட். உடைவதில் இவைதான் முதலிடம். முதல் மற்றும் கடைசி சிலிண்டர் பக்கம் இருப்பவை அதிகம் உடையும். நீளமான மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து சுருங்கும்போது ஓரங்களில்தான் இழுவிசை அதிகம்.
* டர்போ சார்ஜர் நட்டுகள், சைலன்சர் கிளாம்ப்.
* தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப் போல்ட். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இவை இன்னும் மோசம்.
* இன்ஜின் மவுன்டிங், ஆயில் சம்ப் போல்ட். சாலைத் தண்ணீர் நேராக அடிக்கும் இடங்கள்.

பிடித்துக்கொண்ட போல்ட் ஏன் உடைகிறது?

இங்குதான் ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினில் சாதாரணமாகப் பயன்படும் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 என்று எழுதியிருக்கும். முதல் 8 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 800 நியூட்டன் இழுவிசை வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அந்த அளவில் 80 சதவீதத்தைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்கிறது. 10.9, 12.9 என்று எண் கூடக் கூட பலம் கூடும்.

இந்த 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டை முறையாக இறுக்கத் தேவையான முறுக்குவிசை சுமார் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். இப்போது, வராத போல்ட்டுக்கு ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப் சொருகி, 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுக்குப் போகும் விசை சுமார் 490 நியூட்டன் மீட்டர். தேவையைப் போல பத்து மடங்கு! மரை விடாமல் பிடித்திருக்க, தலை மட்டும் திரும்பினால், நடுவில் இருக்கும் தண்டு முறுங்கி அறுந்துபோகும். வேறு வழியே இல்லை.

போல்ட் உடைவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் உடையும். இறுக்கம் விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்து, பிறகு சீராகத் திரும்பினால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி மெத்தென்று திரும்பினால், போல்ட் கழலவில்லை, முறுங்குகிறது என்று அர்த்தம். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு அழுத்து' என்பதுதான் பெரும்பாலான போல்ட்டுகளின் கடைசி அழுத்து.

உடையாமல் எடுப்பது எப்படி? படிப்படியாக...

1. முதலில் சுத்தம். வயர் பிரஷ் போட்டு போல்ட்டைச் சுற்றியுள்ள துரு, சேறு, பெயின்ட் எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க வேண்டும். அழுக்குக்கு மேல் ஆயில் அடித்தால் மரைக்குள் இறங்காது.

2. சரியான ஸ்பேனர். 12 முனை ரிங் ஸ்பேனரைவிட, தலையின் பட்டையான பக்கங்களைப் பிடிக்கும் 6 முனை பாக்ஸ் ஸ்பேனரே இந்த வேலைக்கு ஏற்றது. தலை ஒருமுறை உருண்டையாகிவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

3. தட்டிக் கொடுப்பது. போல்ட்டின் தலைக்கு நேராக சுத்தியலால் நான்கைந்து முறை அளவாகத் தட்டினால், மரைக்குள் இறுகிய துருவில் விரிசல் விழும்.

4. ஆயில், பிறகு காத்திருப்பு. துரு இளக்கும் ஆயில் எதுவானாலும் அடித்த உடனே வேலை செய்யாது. முந்தைய நாள் மாலையே அடித்து, இரவில் இன்னொரு முறை அடித்து, காலையில் கை வைப்பது நல்லது. எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூடி-40, பெயரின்படியே தண்ணீரை விலக்குவதற்காக 1953-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. லேசான துருவுக்குப் போதும். கெட்டியாகப் பிடித்ததற்கு, துரு இளக்கவென்றே விற்கப்படும் பெனட்ரேட்டிங் ஆயில்தான் சரி.

5. முதலில் இறுக்குவது. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் துருப் பிடிப்பு விடும். அசைய ஆரம்பித்ததும் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, இடையிடையே ஆயில் விட்டு வர வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் துருப் பொடி மரையில் சேர்ந்து மறுபடி இறுகிவிடும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. ஓர் இரவு காத்திருப்பதற்கும் மூன்று நாள் வண்டி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஐந்து படிகளில்தான் இருக்கிறது.

நெருப்பு எப்போது உதவும்?

ஆயிலுக்கு மசியாத போல்ட் சூட்டுக்கு மசியும். கேஸ் டார்ச்சால் நட்டைச் சுற்றிச் சூடேற்றினால் நட் விரியும். 10 மில்லிமீட்டர் அளவில், நட் போல்ட்டைவிட 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிடைக்கும் விரிவு வெறும் 0.036 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆனால் துருப் பிடிப்பு உடைய அதுவே போதும்.

சூடேற்ற வேண்டியது நட்டை, அல்லது போல்ட் இறங்கியிருக்கும் பாகத்தை. சூடாக இருக்கும்போது மெழுகுவத்தியை போல்ட்டில் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்பட்டு வழுக்கும். பழைய மெக்கானிக்குகளின் வழி இது. திறந்த நெருப்பை அணைத்த பிறகே மெழுகைத் தொட வேண்டும்.

அலுமினிய பாகங்களில் கூடுதல் கவனம் தேவை. இரும்பு சூடானால் சிவக்கும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து, 660 டிகிரியை நெருங்கும்போது திடீரென்று உருகி விழும். அலுமினியம் ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், கொஞ்சம் சூடே போதும்.

உடைந்தேவிட்டது... இனி என்ன?

முதலில் எந்தக் கருவியையும் எடுக்காமல், எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று நிலைமைகள் உண்டு.

நிலை 1: கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இது அதிர்ஷ்டம். பழையபடி ஆயில், சூடு, காத்திருப்பு. பிறகு ஸ்டட் ரிமூவர் போட்டுத் திருப்பலாம். அல்லது இரண்டு பக்கமும் அரத்தால் தேய்த்து பட்டையாக்கி ஸ்பேனர் போடலாம்.

நிலை 2: மேற்பரப்போடு மட்டமாக உடைந்திருக்கிறது. இங்கு கைகொடுப்பது வெல்டிங். உடைந்த போல்ட்டின் மேல் ஒரு வாஷரை வைத்து, ஓட்டை வழியாக இரண்டையும் சேர்த்து வெல்டு செய்ய வேண்டும். அதன் மேல் ஒரு நட்டை வைத்து மறுபடி வெல்டு. இப்போது போல்ட்டுக்குப் புதுத் தலை கிடைத்துவிட்டது. வெல்டிங் சூடு உடைந்த துண்டுக்கு நேராக உள்ளே இறங்கி, ஆறும்போது சுருங்குவதால் துருப் பிடிப்பும் விடுகிறது. சிவப்பு மறைந்து கொஞ்சம் ஆறிய பிறகு, முன்னும் பின்னும் ஆட்டித் திருப்ப வேண்டும். முதல் முறை நட் பெயர்ந்து வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு, மூன்று முறை செய்தால்தான் சில துண்டுகள் வரும்.

நிலை 3: உள்ளே ஆழத்தில் உடைந்திருக்கிறது. டிரில்தான் வழி. சென்டர் பஞ்ச் சரியாக நடுவில் விழ வேண்டும், அதுதான் முழு வேலைக்கும் அஸ்திவாரம். உடைந்த முகம் மேடுபள்ளமாக இருந்தால் முதலில் அதைச் சமப்படுத்த வேண்டும். 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. துளை போடும்போதே சில சமயம் துண்டு பிடித்துக்கொண்டு தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும்.

எக்ஸ்ட்ராக்டர்: நண்பனா, எதிரியா?

துளைக்குள் அடித்து, எதிர்ப்பக்கம் திருப்பி உடைந்த போல்ட்டை எடுக்கும் கருவி ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர். பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் செட்டாகவே கிடைக்கிறது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். முழு போல்ட்டின் பலத்துக்கே வராத துண்டு, அதைவிட மெல்லிய எக்ஸ்ட்ராக்டருக்கு எப்படி வரும்?

எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான ஸ்டீல். கடினமானது என்றால் வளையாது, ஒடியும். அது உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கி ஓடும், நுனி மழுங்கும். பிரச்சினை சின்னதிலிருந்து பெரிதாவது இந்த இடத்தில்தான். ஆகவே ஆயில், சூடு கொடுத்துத் துரு இளகிய துண்டுக்கு மட்டுமே எக்ஸ்ட்ராக்டர். கையால் மெதுவாகத் திருப்பி வரவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். அதற்கு பைப் போடவே கூடாது.

எதுவுமே வரவில்லை என்றால்?

போல்ட்டை முழுக்க டிரில் செய்து எடுத்துவிட்டு, மரையை டாப் போட்டுச் சுத்தம் செய்யலாம். துளை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அளவு உண்டு. சாதாரண மரையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 6.8, 10-க்கு 8.5, 12-க்கு 10.2 மில்லிமீட்டர். இதைத் தாண்டினால் மரை போய்விடும். இன்ஜினில் நெருக்க மரையும் உண்டு என்பதால், பழைய போல்ட்டை பிட்ச் கேஜ் வைத்து அளந்த பிறகே டாப் வாங்க வேண்டும்.

மரை போய்விட்டாலும் முடிந்துவிடவில்லை. துளையைப் பெரிதாக்கி, அதற்கான டாப் போட்டு, ஹெலிகாயில் எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளை இறக்கினால், பழைய அளவு போல்ட்டையே மறுபடி பூட்டலாம். அலுமினிய பாகத்தில் இது அசல் மரையைவிடப் பலமாகவே நிற்கும். எக்ஸாஸ்ட் போன்ற சூடான இடங்களுக்கு அந்த வெப்பம் தாங்கும் இன்செர்ட்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

டிரில் போடும் முன் அந்தப் பக்கத் துளைகளைத் துணி வைத்து அடைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் விழும் இரும்புத் தூள், வண்டி ஸ்டார்ட் ஆனதும் நேராக டர்போவின் இறக்கைகளில் போய் அடிக்கும். டிரில் பிட்டில் கிரீஸ் தடவினால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். காற்றடித்து ஊதுவதைவிட உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பு.

எப்போது நிறுத்த வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்தான் நல்ல மெக்கானிக். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் கை வைப்பதை நிறுத்திவிடலாம்:

* எக்ஸ்ட்ராக்டரோ டாப்போ உள்ளே ஒடிந்துவிட்டது.
* டிரில் நடுவிலிருந்து விலகி, சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.
* துளைக்குப் பின்னால் வாட்டர் ஜாக்கெட்டோ ஆயில் வழியோ இருக்கிறது.
* இன்ஜெக்டர் கிளாம்ப் அல்லது ஹெட் போல்ட் உடைந்திருக்கிறது.

இந்த நிலையில் பாகத்தைக் கழற்றி, மில்லிங் இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே மிச்சம். ஒடிந்த டாப், எக்ஸ்ட்ராக்டர் போன்றவற்றை ஸ்பார்க் எரோஷன் முறையில், மின்பொறியால் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, சுற்றியுள்ள மரை கெடாமல் எடுக்க முடியும். செலவு உண்டுதான். ஆனால் ஹெட் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

உயிர் முக்கியம்: இதை மட்டும் செய்யாதீர்கள்!

டேங்கரில் நெருப்பு வேண்டாம். மணலி சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டை எண்ணெய் முனையங்கள் காரணமாக பெட்ரோல், டீசல், கேஸ் டேங்கர்கள் அதிகம் ஓடும் பகுதி இது. காலி டேங்கர் என்பது காலி அல்ல. உள்ளே ஆவி நிறைந்திருக்கும். முழு டேங்கரைவிட அது ஆபத்தானது. டேங்கில் வெல்டிங், கேஸ் கட்டிங் போன்ற சூடான வேலைகளைச் செய்ய, டேங்கில் ஆவி இல்லை என்று தகுதியுள்ளவரின் சான்று வேண்டும் என்கின்றன மத்திய அரசின் பெட்ரோலியம் விதிகள். இன்ஜின் பக்கம்தானே வேலை என்றும் அலட்சியம் கூடாது. அப்படிப்பட்ட வண்டியின் அருகே டார்ச்சைப் பற்ற வைப்பதே ஆபத்து.

பிரேக் கிளீனர் அடித்துவிட்டு வெல்டிங் வேண்டாம். குளோரின் கலந்த சில கிளீனர்கள் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயுதான்.

டீசல் லைனைப் பார்க்காமல் டார்ச் வேண்டாம். மேனிஃபோல்டு பக்கத்திலேயே டீசல் குழாயும் வயரிங்கும் போகும். ஈரத் துணி, இரும்புத் தகடு வைத்து மறைக்க வேண்டும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 லாரிகள் முழுக்க சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டுமாக இருக்கின்றன. பேட்டரி இணைப்பைக் கழற்றி, நிறுவனத்தின் கையேட்டில் சொன்னபடி கன்ட்ரோல் யூனிட் இணைப்பையும் எடுத்துவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும்.

கண்ணாடி இல்லாமல் சுத்தியல் வேண்டாம். உளி, பஞ்ச் அடிக்கும்போதும் டிரில் போடும்போதும் தெறிக்கும் துகள் கண்ணுக்குள் போனால் அது போல்ட் பிரச்சினையாக இருக்காது. கிளீனர் பையனுக்கும் சேர்த்துத்தான் இந்த விதி.

மறுபடி பூட்டும்போதுதான் அடுத்த உடைப்பு தீர்மானமாகிறது

உடைந்த போல்ட்டை எடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது வழக்கம். உண்மையில் இரண்டு வருஷம் கழித்து அதே போல்ட் வருமா, உடையுமா என்பது இப்போது பூட்டும் விதத்தில்தான் இருக்கிறது.

* துருப்பிடித்த, நீண்டுபோன, தலை தேய்ந்த போல்ட்டை மறுபடி போட வேண்டாம். ஒரு மேனிஃபோல்டு ஸ்டட் உடைந்தால் மற்றவையும் அதே வயதுதான். மொத்தமாக மாற்றுவதே லாபம்.
* போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைப் பார்த்து அதே பலத்தில் வாங்க வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்கு, நிறுவனம் சொல்லும் சூடு தாங்கும் ஸ்டட்தான் சரி. கடையில் கிடைத்த ஏதோ ஒன்றல்ல.
* எக்ஸாஸ்ட், கிளாம்ப் போன்ற இடங்களில் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டை மரையில் மெல்லியதாகத் தடவ வேண்டும். இறுக்கும் விசையில் சுமார் 90 சதவீதம் உராய்விலேயே செலவாகிறது. பேஸ்ட் போட்டால் உராய்வு குறையும் என்பதால், அதே டார்க்கில் இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கையேட்டில் அதற்கான அளவைப் பார்க்க வேண்டும்.
* ஹெட் போல்ட், வீல் நட் ஆகியவற்றுக்கு நிறுவனம் சொன்னதைத் தவிர வேறு எதையும் தடவக் கூடாது. ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பிடப்பட்ட ஹெட் போல்ட்டை மறுபடி போடவே கூடாது.
* கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான். 'கை அளவு' என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

லாரி ஓனர்களும் டிரைவர்களும் கவனிக்க வேண்டியவை

பட்டறைக்கு வண்டியை விடும் முன் மெக்கானிக்கிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதல் நாள் மாலையே வண்டியை விட்டால் ஆயில் அடித்து ஊற வைக்க முடியுமா? உடைந்தால் இங்கேயே எடுப்பீர்களா, மெஷின் பட்டறைக்கு அனுப்புவீர்களா? புது ஸ்டட், கேஸ்கட் கையில் இருக்கிறதா? டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்குவீர்களா?

ட்ரிப்புகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுவது, படிந்த உப்பைக் கரைத்துவிடும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது கட்டாயம். இன்ஜின் ஆறிய பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும். மின் இணைப்புகள் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. எக்ஸாஸ்ட்டில் 'டிக் டிக்' என்ற சத்தமோ கரிப் படிவோ தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். கசிவு பெரிதாக ஆக ஸ்டட் இன்னும் சூடாகும், இன்னும் இறுகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்ணே" என்று மெக்கானிக்கின் தலையில் உட்காராதீர்கள். உப்புக்காற்றை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் போல்ட்டை உடைப்பது பெரும்பாலும் உப்பு அல்ல, அவசரம். ஓர் இரவு ஆயிலில் ஊறும் நேரத்தை வண்டிக்குக் கொடுத்தால், மறுநாள் காலையில் அது பட்டறையை விட்டு வெளியே போகும் வாய்ப்பு அதிகம்.